விற்பதற்கு முன் ஒரு கடிதம்

ஹெம்லாக் பே, மிச்சிகன்
நவம்பர் 9

அன்புத் தம்பி ரெய்னோவுக்கு,

அக்கா ஹில்யா எழுதுவது. இங்கே நலம். அலாஸ்காக் குளிரில் நீயும் உன் படகும் நலமாக இருக்க வேண்டும்.

முதல் பனி விழுந்துவிட்டது. இரண்டு நாளாக ஏரி கண்ணுக்குத் தெரியவில்லை, அது மூச்சு விடுவது மட்டும் கேட்கிறது. அந்தச் சத்தத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஊர் நிர்வாக விதிகளான நகரச் சாசனத்தைத் திருத்தும் குழுவில் என்னையும் போட்டார்கள். கரையோரத்துப் பழைய நீரேற்று நிலையம் பூட்டியே கிடந்து இற்றுப்போகிறது. ஒரு இளம் தம்பதி அதில் பொது நீராவிக் குளியல் நடத்தக் கேட்டார்கள். ஆனால் ஊர்ச் சொத்தை விற்பதானாலும் சரி, நீண்ட நாள் வாடகைக்கு விடுவதானாலும் சரி, ஊரே வாக்களிக்க வேண்டும் என்பது பழைய விதி. ஒவ்வொன்றுக்கும் யார் தேர்தல் வைப்பது? எனவே, விற்கவோ வாடகைக்கு விடவோ நகரமன்றத்தின் பெரும்பான்மை போதும் என்று மேயர் லெஸ்டர் சொன்னார். அப்படியே எழுதிக் கொடுத்தவள் நான்தான். ஒரே வரி. சுலபமாக இருந்தது.

அந்த வரியை ஊர்முன் வைக்கும் குழுக் கூட்டத்துக்கு முந்தின நாள் மதியம் சாவி வாங்கிக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குள் போனேன். அப்போது ஜூன் மாதம். ஏரியின் வெளிச்சம் ஜன்னல் வழியே வந்து கூரையில் அலைந்துகொண்டிருந்தது. தரையே மிதப்பதுபோல் இருந்தது. பெஞ்சில் சாய்ந்தவள் கண்ணயர்ந்துவிட்டேன் போலிருக்கிறது. ஊர்ச்சனம் ஒவ்வொருவராகக் கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள். எல்லார் கையிலும் ஒரே மாதிரிச் சாவி. சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்குகிறவர்கள்போல் மெல்ல நடந்து போனார்கள். கடைசியாக வந்தவனிடம் மட்டும் சாவி இல்லை. விழித்தபோது கன்னம் ஈரமாக இருந்தது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கூட்டத்தில் நான் நின்று என் வரியை வாசித்ததும் இரும்புக்கடை வெர்னர் எழுந்தார். அவர் வாயைத்தான் உனக்குத் தெரியுமே. "தம்பி கப்பல்ல கெடந்தப்போ அம்மா வீட்ட ஒத்தக் கையெழுத்துல வித்தவதானே நீ? இப்ப ஊர் சொத்துமா?" என்றார்.

உட்கார்ந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கால் மடங்கவில்லை. "ஆமா வெர்னர், வித்தேன். அவன் எழுதிக் குடுத்த அதிகாரத்துலதான் வித்தேன், பத்திரத்துல ஒரு கோணல் கெடையாது. அவன் போன்ல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான், 'ஏங்க்கா எங்கிட்ட சொல்லல'ன்னு. ரெண்டு வருசமாச்சு. இன்னும் எனக்குப் பதில் தெரியல" என்றேன்.

அரை மணி நேரம் அவகாசம் கேட்டு வாங்கி, பென்சிலால் என் வரியை அடித்தேன். வாடகைக்கு விட நகரமன்றம் போதும், பதினைந்து ஆண்டு வரை. விற்பதென்றால் ஊர் வாக்களிக்க வேண்டும். அதற்குத் தொண்ணூறு நாள் முன்பாக ஒவ்வொரு வாக்காளருக்கும், வெளியூரில் இருப்பவர்களுக்கும்கூட, கடிதம் போக வேண்டும்.

"கடல்ல கெடக்குறவனுக்கெல்லாம் யாரும்மா தபால் போடுறது?" என்று மேயர் அலுத்துக்கொண்டார். "நான் போடுறேன்" என்றேன். வெர்னர் முதலில் சிரித்தார், அப்புறம் கைதட்டினார். எங்கள் குழுவில் ஐவரில் நால்வர் கை தூக்கினார்கள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை ஊர் வாக்களித்தது. நாற்பத்தோரு வாக்கு வித்தியாசத்தில் திருத்தம் நிறைவேறியது. அந்தத் தம்பதி நகரமன்றத்தின் அனுமதியோடு இப்போதே கூரை ஓடுகளை மாற்றத் தொடங்கிவிட்டார்கள்.

இதை எழுதத்தான் இவ்வளவும் சுற்றி வந்தேன். மறுநாள் நகர அலுவலகத்தில் யார் யார் வாக்களித்தார்கள் என்ற பட்டியலை ஒட்டியிருந்தார்கள். தபாலில் வந்தவற்றில் உன் பெயர் இருந்தது. என் வீட்டு முகவரியில்தான் இன்னும் பதிவாகியிருக்கிறாய். நீ எந்தப் பக்கம் குறியிட்டாய் என்பது யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரிய வேண்டாம். அந்தப் பெயரின்மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் நின்றேன். பின்னால் நின்ற பெண், "ஏதாவது தப்பாப் பதிஞ்சிருக்கா?" என்று கேட்டாள். "இல்ல, சரியா இருக்கு" என்றேன்.

மாடி அறையில் கட்டில் போட்டிருக்கிறேன். ஏரியைப் பார்த்த ஜன்னல். நீ வருகிறாயா என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அலைகள் உன்னிடம் அன்பாக இருக்கட்டும். கை விறைக்காமல் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ஹில்யா