வாவியை வரைந்த வெள்ளைத் துணி

அக்கா,

இன்று காலை என் வீட்டு வாசல் படலைக்கு வெளியே, மதிலில் மரண அறிவித்தல் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். யார் செத்தது என்று பார்க்கத்தான் போனேன். பார்க்காமலே நின்றுவிட்டேன். வாளியில் இருந்த கோதுமை மாப் பசை அப்போதுதான் காய்ச்சி இறக்கியது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் கால் நகரவில்லை. “என்னகா அன்ரி, தலை சுத்துதா?” என்று பசை பூசியவர் கேட்டார். “ஓம் தம்பி, வெயில்” என்றேன். வெயில் இன்னும் மதிலுக்கே வந்திருக்கவில்லை.

நீங்கள் பசை காய்ச்சும் மணம் அது. நூலகத்தின் பின் அறையில், மண்ணெண்ணெய் அடுப்பின்மேல் பால்மாப் பேணியை வைத்து, பூச்சி அரிக்காமலிருக்க ஒரு துண்டு துரிசும் போட்டுக் கிண்டுவீர்கள். வெள்ளாமை வெட்டி முடிந்து ஊர் மூச்சு விடும் காலத்தில் ஆண்டுதோறும் நாம் வைத்த ‘வட்டார வாரம்’ நெருங்கிவிட்டது என்பதற்கு அந்த மணந்தான் அறிவிப்பு. பத்திரிகை வாசிக்க வருகிறவர்கள் வாசலிலேயே முகர்ந்துவிட்டு, “இந்த வருசமும் வைக்கிறீங்களா புள்ள?” என்று கேட்பார்கள். கேட்கிற குரலில் ஆசையும் இருக்கும், பயமும் இருக்கும்.

நீங்கள் நூலகராகவும் நான் உதவியாளாகவும் இருந்த நம் நூலகம் எழுவான்கரையில். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இராணுவ முகாம். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை, இயக்கப் பொடியன்களின் கையில். நடுவே ஒரு தோணித்துறை. இரண்டு கரையிலும் சோதனை. இங்கே வீடும் அங்கே வயலுமாக இருந்தவர்கள் விதைப்புக்குப் போவதை விட்டுவிட்டார்கள். அங்கிருந்து ஓடி வந்தவர்கள் உறவினர் வளவுகளில் கொட்டில் போட்டு இருந்தார்கள். காத்தான்குடி முஸ்லிம் ஆட்களிலும் பலருக்கு அக்கரையில் வயல் இருந்தது. இரண்டு சமூகத்திலும் கொலைகள் விழுந்த பிறகு அவர்களும் அந்தத் திசைக்குப் போகவில்லை. இந்த நிலையில் கூத்து முடியையும் மீன் கரப்பையும் பழைய படங்களையும் மேசையில் பரப்பிச் சனத்தைக் கூப்பிடத்தான் வேண்டுமா என்று நான் ஒருமுறை உங்களிடம் கேட்டேன். “செத்த வீட்டுக்கு மட்டும்தான் கூடுது இந்தச் சனம். ஒரு கிழமைக்கு இஞ்சயும் கூடட்டுமே” என்றீர்கள்.

அந்த ஆண்டு நீங்கள் புதிதாக ஒன்று செய்ய நினைத்தீர்கள். வயல்வெளியின் ஒவ்வொரு பரப்பையும் வட்டை என்று சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருப்பது நம் பக்கத்து வழக்கம். அரசாங்கப் படத்தில் அந்தப் பெயர்கள் இல்லை. அவை சனத்தின் வாயில் மட்டும் இருந்தன. “வயலெல்லாம் காடு பத்திப் போச்சாம் புள்ள. பேரும் மறந்திற்றா மறுகா எங்க கிறுகிப் போறது?” என்று கேட்டீர்கள். வாவியையும் இரு கரையையும் ஒரு பெரிய துணியில் வரைந்து, வட்டைகள், குளங்கள், துறைகள், கோயில்கள், ஒற்றையடிப் பாதைகள் எல்லாவற்றுக்கும் பெயர் எழுதி, நீளச் சுவரில் தொங்கவிடுவது உங்கள் எண்ணம்.

துணி தந்தவர் காத்தான்குடியில் சீலைக்கடை வைத்திருந்தவர். அவர் மௌத்தாகி ஆண்டுகள் ஆகிவிட்டன. அவரைச் சொல்வதால் இனி யாருக்கும் கெடுதல் வராது. வெள்ளைத் துணியைத் தோளில் சுமந்துகொண்டு வந்து மேசையில் போட்டார். “ஒண்டும் வாணாம் தங்கச்சி. எங்கட வாப்பாட வட்டைட பேரையும் ஒரு ஓரமா எழுதிடுங்க. அது போதும்” என்றார். அவர் கண்முன்னாலேயே எழுதினீர்கள். எழுத்தைத் தொடப் போன கையைத் தடுத்து, “மை காயல்ல நானா” என்றீர்கள். அவர் கையை இழுத்துக்கொண்டு, “வாப்பா மௌத்தாகக்குள்ளயும் இந்த வட்டையத்தான் கேட்டாரு, தண்ணி கட்டியாச்சாடா எண்டு” என்றார். 

அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் பத்திரிகை வாசிப்பதுபோல் நெடுநேரம் இருந்துவிட்டு, கூட்டம் குறைந்த பிறகு உங்கள் மேசைக்கு வந்து மெல்லச் சொன்னார்கள். ‘ஆனை படுத்த வட்டை’, ‘சின்னாச்சி வட்டை’, வெள்ளம் வந்தால் மட்டும் ஓடும் ஓர் ஆற்றின் பெயர், செத்த மாட்டை இழுத்துப் போகும் பாதையின் பெயர். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தார். தம் வயலின் பெயர் சுவரில் ஏறப் போகிறது என்ற மகிழ்ச்சியில், கொட்டிலில் இருந்த மனிதர்கள் கொஞ்சம் நிமிர்ந்து நடந்ததை நான் கண்டேன்.

அவரவர் சொன்ன பெயரை அவரவர் கையால் எழுதவிடுவோமே, பார்க்க அழகாக இருக்கும் என்று நான் சொன்னேன். நீங்கள் ஒரேயடியாக மறுத்தீர்கள். “எழுத்தெல்லாம் என்ட கையாவே இருக்கட்டும்.” உங்கள் கையெழுத்து மணிமணியாக இருக்கும், அதில் உங்களுக்குப் பெருமை என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன். என்ன நினைத்து அப்படிச் சொன்னீர்கள் என்பது பிறகுதான் விளங்கியது.

முதல் நாள் களுதாவளையிலிருந்து வந்தவர்கள் முற்றத்தில் வசந்தன் கூத்து ஆடினார்கள். சீலைக்கடை நானா தன் உம்மா பாடும் கவி ஒன்றை வெட்கத்தோடு பாடினார். துணியின் முன்னால் நிற்க இடமில்லை. ஒரு பெண் தன் புருசனைத் தோளில் தட்டி, “இஞ்ச பாருங்க, நம்மட துரவு இரிக்கி!” என்று கத்தினாள். அப்படி ஒரு சத்தம் ஊரில் கேட்டு நெடுங்காலம் ஆகியிருந்தது.

மூன்றாம் நாள் பின்னேரம் படையினர் வந்தார்கள். வாசலை மறித்து, உள்ளே இருந்தவர்களைப் புத்தக அலுமாரிகளோடு ஒட்டி நிற்க வைத்தார்கள். அவர்களின் அதிகாரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு துணியின் முன் நின்றார். வெகு நேரம் பார்த்தார். அவர் சத்தம் போடவில்லை. அவர் சிங்களத்தில் கேட்க, கூட வந்தவன் தமிழில் சொன்னான்.

“இந்த மெப் ஆருக்கு வரைஞ்சது?”

“சனம் பாக்க வரைஞ்சது” என்றீர்கள்.

“இந்தக் காட்டுப் பாதையெல்லாம் ஆர் சொன்னது?”

சொன்னவர்களில் பாதிப்பேர் அலுமாரியோடு நின்றார்கள். அவர்களின் மூச்சு எனக்குக் கேட்டது. நீங்கள் ஒருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலுக்கு மேலே இருந்த மணிக்கூட்டைப் பார்த்தபடி, “ஒருத்தரும் சொல்லல்ல. பழைய புத்தகத்தில இருந்து நான்தான் எடுத்து எழுதினன்” என்றீர்கள்.

“எந்தப் புத்தகம்?”

போய்த் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தீர்கள். அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். நடுவே கறையான் தின்ற ஓட்டை. “இதில் இல்லையே” என்று கேட்கச் சொன்னார்.

“கறையான் திண்ட பக்கத்திலதான் இருந்தது.”

யாரோ சிரித்துவிட்டார்கள். பயத்தில் வந்த சிரிப்பு, பாதியிலேயே நின்றது. அதிகாரி புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார். துணியைக் கிழிக்காமல் கழற்றச் சொன்னார். பிறகு எழுத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு தாளையும் பேனையையும் தந்து உங்களை எழுதச் சொன்னார். அந்த ‘ஆனை படுத்த வட்டை’யையே எழுதிக் கொடுத்தீர்கள். இரண்டும் ஒரே கை. துணி முழுவதும் அந்த ஒரே கைதான். மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டு உங்களை ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது நூலகக் கதவின் திறப்பை என் கையில் வைத்தீர்கள்.

மழைக்காலம் தொடங்கியபோது விட்டார்கள். நீங்கள் வாசலில் வந்து நின்றபோது யாரோ புது வாசகர் என்றுதான் முதலில் எண்ணினேன். வலது கை விரல்கள் மடங்கவில்லை. புத்தகத்துக்குத் திகதி முத்திரை குத்த இடது கையைப் பழக்கினீர்கள்.  ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது நீங்களாகவே, “ஒரே கேள்விதான் புள்ள. ஆர் சொன்னது, ஆர் சொன்னது. வேற ஒண்டும் கேக்கவேயில்ல” என்றீர்கள். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தீர்கள். 

வட்டைப் பேர் சொன்னவர்கள் அப்போது நூலகத்துக்கு வரவில்லை. வழியில் உங்களைக் கண்டால் மறுபக்கம் கடந்து போனார்கள். எனக்கு ஆத்திரமாக இருந்தது. “விடு புள்ள. என்னோட நிண்டு கதைச்சா அவங்களுக்குத்தான் கரைச்சல்” என்றீர்கள்.

பிறகு அக்கரையில் இயக்கத்திடமிருந்து அழைப்பு வந்தது. துறையில் மீன் விற்கும் பெண் கூடையை இறக்கிவைத்து, குனிந்தபடியே சொன்னாள்: “அக்காவ அங்கால வரச் சொல்லியிரிக்கி. கதைக்கணுமாம்.” அவர்களின் சந்தேகம் வேறு. அந்தப் படத்தை இராணுவத்துக்காகத்தான் வரைந்தீர்கள், அதனால்தான் உயிரோடு விட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு யார் யார் உதவினார்கள் என்று அவர்களும் அறிய விரும்பினார்கள். படையினர் கேட்ட அதே கேள்வி.

போகவேண்டாம் என்று அழுதேன். கொழும்புக்கு ஓடிவிடுங்கள் என்றேன். உங்கள் அம்மாவும் அண்ணன் குடும்பமும் அக்கரையில் இருந்தார்கள். “நான் போகல்லெண்டா அம்மாட வாசலுக்குப் போவானுகள். அண்ணன்ட மூத்தவளுக்கு இயக்கத்துக்குப் போற வயசு. எடுத்திற்றுப் போயிருவானுகள். நான் போய் விளக்கமாச் சொல்லிற்று வாறன்” என்றீர்கள்.

துறைவரைக்கும் வந்தேன். வாவி அசைவில்லாமல் கிடந்தது. தோணியில் கால் வைக்கும் முன் என் முழங்கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தீர்கள். “ஆர் வந்து கேட்டாலும் உனக்கு ஒருத்தரையும் தெரியாது. அவனுகள் கேட்டாலும் தெரியாது, இவனுகள் கேட்டாலும் தெரியாது. விளங்கிச்சா?”

“ஓம் அக்கா.”

“நாளைக்குப் பேப்பர் வந்தா மேசையில போடு. சனம் வரும்.”

சனம் வரவில்லை. நான் பேப்பரைப் போட்டேன். அதற்கடுத்த நாளும் போட்டேன். அறுவடை முடிந்த பிறகு உங்கள் அண்ணனிடம் யாரோ வந்து, “இனித் தேடவேண்டாம்” என்று சொன்னார்களாம். எங்கே, எப்போது, ஏன் என்று ஒன்றும் இல்லை. முப்பத்தோராம் நாள் கிரியை செய்ய, செத்த நாள் தெரிய வேண்டுமே என்று அம்மா அண்ணனிடம் கேட்டுக்கொண்டே இருந்தா. கடைசிவரை செய்யவில்லை. அவ போன பிறகு அதைக் கேட்கவும் ஆளில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் போன பிறகு பேர் சொன்னவர்களில் ஒருத்தரையும் யாரும் தேடி வரவில்லை. ஒரு வீட்டு வாசலிலும் ஜீப் நிற்கவில்லை. அக்கரையிலும் யாரையும் கூப்பிடவில்லை. இரண்டு இடத்திலும் நீங்கள் ஒருவரின் பெயரும் சொல்லவில்லை என்பதை நான் அப்படித்தான் அறிந்துகொண்டேன். மாதங்கள் கழிந்து அவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பத்திரிகை வாசிக்க வந்தார்கள். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருவர் மட்டும், போகும்போது, உங்கள் கதிரையின் முதுகை ஒருதரம் தொட்டுவிட்டுப் போனார்.

இப்போது நூலகம் மாடிக் கட்டடம். பண்பாட்டு விழா மேடை, பந்தல், ஒலிபெருக்கியோடு நடக்கிறது. சென்ற விழாவுக்கு முன் இப்போதைய நூலகர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். உங்களைப் பற்றி எங்கோ கேள்விப்பட்டு, அந்தத் துணியைப் போல் ஒன்றை மறுபடி செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறார்.

“அப்ப வட்டைப் பேர் சொன்ன ஆக்கள் ஆராரு அன்ரி? இருக்கிறவங்களக் கூப்பிட்டு மேடையில பொன்னாடை போர்ப்பம்.”

“எனக்கு ஒருத்தரையும் தெரியாது மகன்” என்றேன்.

“சண்டை முடிஞ்சிற்றே அன்ரி. இனி என்ன பயம்?”

அவர் கேட்டது நியாயம். அவர்களில் ஒருவர் என் ஒழுங்கையில்தான் இருக்கிறார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது தன் படலையைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரின் முகமும், யார் எந்த வட்டையைச் சொன்னார் என்பதும் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். வாய் மட்டும் திறக்கவில்லை. நூலகர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஏமாற்றத்தோடு எழுந்து போனார்.

ஒருத்தரையும் தெரியாது என்று சொல்லச் சொன்னீர்கள், அக்கா. எதுவரைக்கும் என்று சொல்லாமல் தோணியில் ஏறிவிட்டீர்கள்.