தவக்காலத்து மாத்திரை

அண்ணனூர்
20.2.1994

அன்பு மகள் ஜெயசீலிக்கு,

அப்பா ஆசியோடு எழுதுவது. நான் நலம். மஸ்கட் ஆஸ்பத்திரியில் வேலை எப்படி? நேரத்துக்குச் சாப்பிடு.

இங்கே தவக்காலம் தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டு ஹில்டா ஒறுத்தலாகக் காப்பியை விட்டாள். நான் வேறொன்றை விட்டிருக்கிறேன். வெளியே சொன்னால் பலன் போய்விடும். எல்லாம் உனக்காகத்தான். முப்பத்துமூன்று வயதாகிவிட்டது, கல்யாணத்துக்கு ஒரு நல்ல இடம் அமைய வேண்டாமா?

அம்மா போன பிறகு நான் தனியாக இருக்கிறேன் என்று வேலையை விட்டு வரக் கிளம்பாதே. தினமும் ரயில்வே கேட் தாண்டிப் பூசைக்குப் போய்வருகிறேன். இன்னும் என்ன வேண்டும்?

உன் அப்பா
ராயப்பன்


மஸ்கட்
8.3.1994

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ஜனவரியில் முத்து முத்தாக எழுதியவர் இப்போது எறும்பு எறும்பாக எழுதியிருக்கிறீர்கள். பார்க்கின்சன் மாத்திரையைத்தானே விட்டிருக்கிறீர்கள்? நர்ஸிடமே மறைக்கிறீர்களே!

மூளையில் ஒரே தாளம் விடாமல் ஓடிக் கால்களை மறிக்கிறதோ என்று இங்கே டாக்டர்கள் யோசிக்கிறார்கள். மாத்திரை நின்றால் எழுத்து சுருங்கும், கால் நடு வழியில் ஒட்டிக்கொள்ளும். தண்டவாளத்தில் ஒட்டினால்? இன்றே போடுங்கள். உங்களைப் பலி கொடுத்து எனக்குக் கல்யாணம் வேண்டாம்.

கோபத்துடன்
ஜெயா


அண்ணனூர்
4.4.1994

ஜெயா,

உன் கடிதம் வந்தது. வேண்டுதலாயிற்றே, ஈஸ்டர் வரை போகட்டும் என்று பிடிவாதமாக இருந்துவிட்டேன்.

புனித வெள்ளியன்று சிலுவைப்பாதை ஊர்வலம் கேட்டைத் தாண்டியது. நான் கடைசி ஆள். தண்டவாளத்தின் நடுவே கால் நின்றுவிட்டது. கேட்மேன் துலுக்கானம் கத்துகிறார்: "இன்னா பெருசு, வண்டி வந்துகினு கீது, நவுரு!" மனசு போ என்கிறது, கால் கேட்கவில்லை. முப்பது வருஷம் ரயில் கார்ஷெட்டில் பிரேக் பார்த்தவன், என் பிரேக்கைத் தளர்த்தத் தெரியாமல் நின்றேன்.

அன்றைக்குக் கோயில் மணி அடிக்க மாட்டார்களே. கோயில்பிள்ளை சத்தியராஜ் மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு முன்னால் போனான். டக், டக், டக். அந்தத் தாளத்துக்கு வலது கால் எழுந்தது. பிறகு இடது. எட்டடி தாண்டியிருப்பேன், முதுகுப் பக்கம் வண்டி போயிற்று.

பயந்துவிட்டேன், ஜெயா. வீட்டுக்கு வந்ததும் மாத்திரை போட்டேன்.

இந்தத் தாள் இன்று மாத்திரை போட்ட பிறகு எழுதியது, எழுத்து முத்து முத்தாக இருக்கும். இதை மட்டும் அனுப்பி, நலம் என்று உன்னை ஏமாற்றியிருக்கலாம். காலையில் மாத்திரைக்கு முன்பு எழுதிய தாளையும் கூடவே வைத்திருக்கிறேன். அதில் ஒரே வார்த்தைதான். பூதக்கண்ணாடிக்கும் பிடிபடாவிட்டால் நானே சொல்லிவிடுகிறேன்:

வந்துவிடு.

அப்பா