என் சம்மதம் எங்கே?

கல்லடி,
மட்டக்களப்பு.

உதயரூபனுக்கு,

நானும் மகள் கஜானியும் சுகம். மழை விடவில்லை. வாவித் தண்ணீர் வளவுக்குள் வந்து வடிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை வகுப்பில், நாம் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையைப் பற்றி என் மாணவி றிஸ்லா பேச இருந்தாள். சஞ்சிகையின் பக்கத்தைத் திரையில் திறந்தவள், கட்டுரை மீளப்பெறப்பட்டது என்ற அறிவிப்பைக் கண்டாள். "மிஸ், இதத் திருப்பி எடுத்திட்டீங்களா? ரெண்டு பேரும் சம்மதமெண்டு போட்டிருக்கு" என்றாள். முழு வகுப்பும் என்னைப் பார்த்தது. என் பெயரில் என் கணவர் கொடுத்த சம்மதத்தை நான் மாணவர்களோடு உட்கார்ந்து அறிந்துகொண்டேன்.

அன்றிரவு ஜேர்மனியிலிருந்து தொலைபேசியில் நீங்கள் சொன்னது இன்னும் காதில் எரிகிறது. "கரும்பொருள் தேடுற குழுவில எனக்கு வேலை தாறாங்க. இந்தக் கட்டுரை கிடந்தா சரிவராது. உனக்கு இதெல்லாம் விளங்காது, வதனி."

விளங்காதா? சூரியனுக்குத் தொலைவிலுள்ள கோள் மெதுவாகச் சுற்றுகிறது. விண்மீன் திரளின் விளிம்பிலுள்ள நட்சத்திரமோ, உள்ளே இருப்பவற்றுக்குச் சளைக்காத வேகத்தில் ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் இழுக்கிறது என்கிறார்கள் பலர். ஈர்ப்பு மிக நலிந்த இடத்தில் அதன் விதியே மாறுகிறதோ என்று சிலர் கேட்டார்கள். நாமும் கேட்டோம். மங்கலான திரள்களுக்கெல்லாம் கணக்குச் செய்தது நான். கஜானியை மடியில் போட்டுக்கொண்டு, மின்சாரம் போய்ப் போய் வந்த நாட்களில் செய்தேன். நம் வளைகோடு அளவீடுகளோடு பொருந்தியபோது நீங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள். பெரும் திரள்கொத்துகளுக்கு நம் சமன்பாடு போதவில்லை என்று கடைசிப் பகுதியில் ஒளிக்காமல் எழுதியதும் நான்தான்.

நாம் சொன்னது பிழையாக இருக்கலாம். உங்கள் மனதை மாற்றியது எந்த அளவீடு? காட்டுங்கள், நானும் மாறுகிறேன்.

நான் சம்மதிக்கவில்லை என்று சஞ்சிகை ஆசிரியருக்கு எழுதிவிட்டேன். நேற்றுப் பதில் வந்தது. உங்களிடம் விளக்கம் கேட்கப்போகிறார்கள். அந்த வேலை போனால் எனக்கும் பிள்ளைக்கும் ஜேர்மனி விசா இல்லை. தெரிந்துதான் எழுதினேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிறாள்.

அவர்கள் கேட்கும்போது உண்மையைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், எனக்கு அழையுங்கள். எடுப்பேன். அங்கே குளிர் கூடிவிட்டதாம். மூச்சிழுப்புக்கு அடிக்கும் பம்ப் மருந்தை எந்நேரமும் பையில் வைத்திருங்கள். மாமாங்கப் பிள்ளையார் உங்களைக் காக்கட்டும்.

வதனி