ஹரிக்குப் பாட்டு வந்துவிட்டது

12 ஆகஸ்ட் 1999, வியாழன்

மத்தியானம் எங்கள் குழுவில் பாடும் ஹரியின் மனைவி லதா போன் செய்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு பேசினாள்.

"அண்ணா, என்னையும் குழந்தையையும் திருநெல்வேலிக்குப் போகச் சொல்றார். எங்களுக்குள்ள ஒரு சண்டையும் இல்லை, கேட்டேளா. வெறுதே போகச் சொல்றார்."

சாயங்காலம் ஸ்ரீவராகத்தில் ஹரி வீட்டுக்குப் போனேன். அதற்குள் அவர்கள் ரயிலேறியிருந்தார்கள். ஹரி கித்தாரோடு தரையில் உட்கார்ந்திருந்தான்.

"ஏண்டா இப்படிப் பண்ணினே?"

"நம்ம முதல் கேசட்டுக்கு நான் எப்போ பாடினேன், ஓர்மை இருக்கா? அம்மா செத்த சமயம்."

அந்த ஒரு கேசட்தான் இந்த ஊரில் எல்லா ஆட்டோவிலும் பாடியது. பிறகு எங்கள் குழு போட்ட மூன்றையும் யாரும் சீண்டவில்லை. கச்சேரிக்குப் போனால் இன்றும் அந்தப் பழைய பாட்டுகளைத்தான் கேட்கிறார்கள்.

"சந்தோஷமா இருந்தது போதும்டா. அது இருக்கறவரைக்கும் எனக்குப் பாட்டு வராது" என்றான்.

திட்ட வாயெடுத்தேன். அவன் பாட ஆரம்பித்துவிட்டான். புதுப் பாட்டு. பல வருஷமாக நாங்கள் தேடிக்கொண்டிருந்தது அதில் இருந்தது. லதாவைத் திரும்பக் கூப்பிடு என்று சொல்லத்தான் போயிருந்தேன். சொல்லாமல், மூலையில் இருந்த ஹார்மோனியத்தை இழுத்துச் சுருதி சேர்த்தேன்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தான்.

"லதா போனது ஒரு பாட்டுக்குத்தான் ஆச்சு. கேசட்டுக்கு இன்னும் ஏழு வேணும்."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை என்பது இப்போது படுத்த பிறகுதான் உறைக்கிறது.