ஒரு மணிச் செய்தியின் ஓரக் கட்டம்

மார்ச் 3

அடி வாலு,

நல்லா இருக்கியா? நான் நாலு பக்கம் எழுதினா உன்கிட்டேயிருந்து நாலு வரி வரும். போகட்டும், பழகிப்போச்சு.

எங்க பைண்டிங் கடை முதலாளி புது டிவி வாங்கி மாட்டிட்டார். உங்க அரசு சேனலும் ஹெச்டி ஆயிடுச்சா, ஒரு மணிச் செய்தியில உன்னைப் பார்க்க அவ்வளவு ஆசையா இருக்குடி! முன்னெல்லாம் அந்த ஓரத்துச் சின்னக் கட்டத்துல நீ சைகை காட்டினா விரலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் புகையாத் தெரியும். 'வரி'ன்னியா 'விலை'ன்னியான்னு எங்களுக்குள்ள சண்டையே வரும். இப்போ சுண்டுவிரல்ல பாதி போன நெயில் பாலிஷ்கூடத் தெரியுது. நகத்தைக் கடிக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?

இந்தக் கடையில காது கேட்காதவங்க நாங்க அஞ்சு பேர். உன் செய்தி முடிஞ்சப்புறம்தான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்போம். தையல் போடுற கண்ணாடிக்காரி உன் ரசிகை. மத்த சேனல்காரன் எவனுக்கும் எங்க நினைப்பே கிடையாது.

பணத்தைக் குறைச்சிட்டாங்க, சைகைக் கட்டத்தை எடுக்கப் போறாங்கன்னு பேப்பர்ல போட்டிருக்கு. நிஜமா?

உன் அக்கா

மார்ச் 11

என் தங்க அக்காவுக்கு,

நகம் கடிக்கிறதை விட்டுட்டேன். கிட்டத்தட்ட.

பேப்பர்ல வந்தது நிஜம்தான். புது கேமரா, புது கருவின்னு வாங்கினதுலயே இவங்க கையைச் சுட்டுக்கிட்டாங்க. இப்போ அரசாங்கம் மானியத்தையும் வெட்டிடுச்சு. எதை நிறுத்தலாம்னு ஆளாளுக்கு அலையறாங்க. ஞாயித்துக்கிழமை காலையில நேரடி விவாதம், 'அரசுத் தொலைக்காட்சி இனியும் தேவையா?'ன்னு. என்னையும் கூப்பிட்டிருக்காங்க. அதுக்குச் சைகை கிடையாது, உனக்கு ஒண்ணும் புரியாது. ஆனாலும் பாரு, என் முகத்தைப் பார்த்தாலே தெரியும். காய்ச்சல்ல உன் காது போனப்போ உனக்காகத்தானே நான் சைகையே கத்துக்கிட்டேன்? நான் இருக்கும்போது அந்தக் கட்டத்துல எவன் கை வைக்கிறான்னு பார்த்துடறேன்!

உன் வாலு

மார்ச் 22

அக்கா,

விவாதத்தைப் பார்த்தியா? தொண்டை கிழியக் கத்தினேன். என் அக்கா இதை நம்பித்தான் இருக்கான்னு சொன்னேன். எவன் காதுல ஏறுது? இந்த மாசக் கடைசியோட கட்டம் போகுது. என்னை நிகழ்ச்சி மேற்பார்வைக்கு மாத்திட்டாங்க, சம்பளம் கூட. ரெண்டு பிள்ளைகளை வெச்சுக்கிட்டு வேண்டாம்னு சொல்ல முடியலை. அழுதுக்கிட்டேதான் எழுதறேன். ஏன் உன்கிட்டேயிருந்து ஒரு வரிகூட வரலை? உடம்பு சரியில்லையா?

உன் வாலு

மார்ச் 30

தங்கச்சிக்கு,

பார்த்தேன். லீவு நாள்னுகூடப் பார்க்காம அஞ்சு பேரும் கடையைத் திறந்து உட்கார்ந்து பார்த்தோம்.

நான் உதடு படிப்பேன்னு உனக்குத் தெரியாதா? அம்மா முணுமுணுத்தாலே பிடிச்சிடுவேனே. பழைய டிவியில உதடு கலங்கிப்போய் ஒண்ணும் பிடிபடாது. நீ அந்த நினைப்புலயே இருந்துட்டே. இப்போ நீ எதிர்ல உட்கார்ந்து பேசற மாதிரி இருக்கு.

நீ சொன்னது இதுதான்: "அந்தச் சைகைக் கட்டத்தை நிறுத்தினா யாருக்கும் நஷ்டமில்லை. என் அக்காவே காது கேளாதவங்கதான். அவங்களே அதைப் பார்க்கிறதில்லை."

ஒரு எழுத்து விடாம படிச்சேன். உதடு படிக்கத் தெரியாத மத்த மூணு பேரும் என்ன சொன்னான்னு என்னைப் பிடிச்சு உலுக்கினாங்க. நமக்காகத்தான் சண்டை போடறான்னு சைகை காட்டினேன். கண்ணாடிக்காரிக்கு உதடு படிக்கத் தெரியும். அவ என் முகத்தைப் பார்க்காம எழுந்து வெளியே போயிட்டா.

அந்த மேற்பார்வை வேலை வேணும்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எடுத்துக்கோடின்னு நானே சொல்லியிருப்பேன். பிள்ளைக்காரி, நீ என்ன பண்ணுவே. அதுக்கு என்னையா சாட்சிக்கு இழுப்பே? அப்புறம் எனக்கே எழுதறே, எனக்காகக் கத்தினேன்னு. மனசு விட்டுப்போச்சுடி.

நாளைக்கு நீ கடைசியா வர்றே. மத்தவங்க பார்க்கட்டும். நான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன். அக்கா பார்க்கிறதில்லைன்னு ஊரறியச் சொல்லிட்டே. அது பொய்யா இருக்க வேண்டாம்.

அக்கா