நவம்பர் முதல் ஞாயிறு

9 ஜூன் 2024, ஞாயிறு

டெல்லியில் இன்று மாலை புதிய மந்திரிசபை பதவியேற்பு. தனிப் பெரும்பான்மை இல்லை; கூட்டாளிகளின் முகம் பார்த்துத்தான் ஆள வேண்டும். அங்கே கூட்டாளிகள், இங்கே மருதாசலம்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் வீதிக்கு ஒரு பிரதிநிதி. அவர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிடிக்காவிட்டால் கை தூக்கி இறக்குகிறார்கள். ஆறு வருடங்களாக அந்தத் தலைவர் நான். முதல் வீதிப் பிரதிநிதி மருதாசலம், பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட் வைத்திருப்பவன், இன்று செயற்குழுவில் எழுந்து நின்றான்.

"அக்கா, எங்க வீதிக்குத் தினமும் தண்ணி உட்டாகோணுமுங்க. கடைசி வீதிக்காரங்களுக்கு நாலு நாளைக்கு ஒருக்காப் போதும். அவிய என்ன, இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்கு ஊருக்குப் போயிருவாங்க."

அருப்புக்கோட்டை, சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்து, இங்கே சொந்த வீடு கட்டியவர்களைச் சொல்கிறான். எல்லா வீதிக்கும் ஒரே முறை என்றேன். "அப்பறம் கையத் தூக்க வேண்டி வருமுங்க" என்றான், சிரித்துக்கொண்டே.

மிரட்டலுக்குப் பயந்து தலைமை வகிப்பதா? நானா?

28 ஜூலை, ஞாயிறு

பொதுக்குழு என் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. இனித் தலைவரை எல்லா வீட்டுக்காரர்களும் நேரடியாகத் தேர்ந்தெடுப்பார்கள். மூன்று வருடத்துக்கு யாரும் இறக்க முடியாது. வால்வுச் சாவி, செலவு, ஆள் நியமனம் எல்லாம் தலைவர் பொறுப்பு. செயற்குழு ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். பிரிட்டனில் பிரதமர் தமக்குத் தோதான நாளில் தேர்தல் வைத்துக்கொள்கிறார். அமெரிக்காவில் மழையோ போரோ தேதி நகராது. அதனால் 'தேர்தல் நவம்பர் முதல் ஞாயிறு, மாற்றத்துக்கு உரியதல்ல' என்று எழுதினேன். நான் படித்த கான்வென்ட்டின் சிஸ்டர்கள் இதை வாசித்திருந்தால் ஒரு கமாவைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள்.

செயலாளர் அன்புசெல்விக்கு மட்டும் மனமில்லை. எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். எல்லாவற்றையும் கேள்வி கேட்கும் பெண்.

"பிரதமர் நாற்காலில உக்காந்துட்டு அதிபர் நாற்காலிக்கு ஆசைப்படறீங்கம்மா. அதுல நாளைக்கு மருதாசலண்ணன் உக்காந்துட்டா என்னங்க பண்றது?"

"அவனுக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்?" என்றேன். கடைசி வீதிகளில்தான் வீடுகள் நெருக்கம். அத்தனையும் என் ஓட்டு.

24 அக்டோபர், வியாழன்

கடைசி வீதியிலிருந்து சீனியம்மாள் வந்தாள். கம்பெனியில் டெய்லர், அந்த வீதிகளில் அவள் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

"அம்மா, தீவாளி வியாழக்கெழமை. போனஸ் வாங்கிட்டு எல்லாரும் ஊருக்குப் பஸ் ஏறிருவோம். கம்பெனி தெறக்க பத்து நாளாகும். ஞாயித்துக்கெழம ஓட்டுக்குன்னு ஓடியாந்தா என் மாமியா என்னைய உசுரோட விடுமா? ஒரு வாரம் தள்ளி வையுங்களேன்."

தீபாவளி! தேதி எழுதியபோது அமெரிக்கக் காலண்டரைப் பார்த்தேன், சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்க்கவில்லை.

தள்ளி வைக்கலாமா? எனக்கு வசதியாக இருக்கிறது என்று தேதியை நகர்த்தினால், நான் குறை சொன்ன பிரதமருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? முடியாது என்று சொல்லிவிட்டேன். எழுந்து போனாள்.

3 நவம்பர், ஞாயிறு

தோற்றேன். கடைசி வீதிகளில் வீட்டுக்கு வீடு பூட்டு.

6 நவம்பர், புதன்

அமெரிக்காவில் முடிவு வந்துவிட்டது. அங்கே புது அதிபர் பொறுப்பேற்க ஜனவரி ஆகும். இங்கே புதுத் தலைவர் மருதாசலம் காலையிலேயே கடைசி வீதிகளின் வால்வை அடைத்துவிட்டான்; இனி நாலு நாளைக்கு ஒரு முறைதான் திறப்பானாம்.

17 நவம்பர், ஞாயிறு

ஊரிலிருந்து திரும்பியவர்கள் காலிக் குடங்களோடு செயற்குழுவுக்கே வந்துவிட்டார்கள். பிரதிநிதிகளில் பெரும்பாலோர் அவர்கள் பக்கம்தான். இருந்து என்ன? "நாங்க ஆலோசனைதானுங்க சொல்ல முடியும்" என்று என்னைப் பார்த்தார்கள். மருதாசலம் என் திருத்தத்தை என் முன்னாலேயே வாசித்தான். திருத்தமாகத்தான் வாசித்தான்!

எங்கே பிசகினேன்? அமெரிக்க அதிபரை லேசில் இறக்க முடியாது, சரி. ஆனால் செலவுக்குப் பணம் வேண்டுமென்றால் அவரும் சபையின் வாசலில்தான் நிற்க வேண்டும். பிரதமருக்கு அந்தத் தொல்லை குறைவு. சபையே அவர் கையில். ஆனால் சபை கைவிட்டால் மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டும். ஆளுக்கொரு கடிவாளம். நான் இரண்டையும் அவிழ்த்துவிட்டு, அதற்கு வலிமை என்று பெயர் வைத்தேன். எனக்காகத் தைத்த சட்டை. அவனுக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

எழுதியது நான். மாற்றப்போவதும் நான்தான்.

24 நவம்பர், ஞாயிறு

மறுதிருத்தம்: செயற்குழு நம்பிக்கை இழந்தால் தலைவர் இறங்க வேண்டும், அடுத்தவரைச் செயற்குழுவே தேர்ந்தெடுக்கும். இது நிறைவேறப் பொதுக்குழுவில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். ஓட்டுக் கேட்டு ஒரு வாசலிலும் நின்றதில்லை நான். இன்று நின்றேன்.

சீனியம்மாள் டீ கொடுத்தாள். "எங்க தெருவுக்குள்ள நீங்க வர்றது இதான் மொத தடவ, தெரியுமாம்மா?" என்றாள். தெரியவில்லை. ஆறு வருடம் தண்ணீர் அனுப்பினேன், நான் வரவில்லை. "இந்தத் தடவ தேதிய எங்களக் கேட்டு வையுங்க" என்றாள். அவளையே குறிக்கச் சொன்னேன். பொங்கல் வரை ஞாயிறும் கம்பெனி வேலையாம்; பொங்கலுக்கு ஊருக்குப் போய் எல்லாரும் திரும்பிய பிறகு, பிப்ரவரியில்.

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

நிறைவேறியது. ஒரு வீட்டிலும் பூட்டு இல்லை. அடுத்த அரைமணியில் செயற்குழு மருதாசலத்தை இறக்கியது. புதிய தலைவர் யார் என்றபோது நான் புடவையைச் சரிசெய்துகொண்டேன்.

அன்புசெல்வி என்றார்கள்.

2 மார்ச், ஞாயிறு

இப்போது மாதக் கூட்டத்தில் கேள்வி நேரம் உண்டு. யார் கேட்டாலும் தலைவர் அங்கேயே பதில் சொல்ல வேண்டும். உறுப்பினர் வரிசையில் எனக்கு அடுத்த நாற்காலி மருதாசலத்துக்கு. முதலில் நாற்காலியை நகர்த்திப் போடலாமா என்று நினைத்தேன்.

கணக்குப் புத்தகம், தெருவிளக்கு என்று எழுந்து நின்று கேட்டேன். மணியைத் தட்டிவிட்டாள் அந்தப் பெண். "அம்மா, உங்க நேரம் முடிஞ்சுதுங்க. உக்காருங்க."

உட்கார்ந்தேன்.

மருதாசலம் காதருகே குனிந்தான். "அக்கா, எங்க வீதிக்கு மூணு நாளாத் தண்ணி வருல. நாங் கேட்டா அந்தப் புள்ள சிரிக்குமுங்க. நீங்க கேட்டுப்போடுங்க."

எல்லா வீதிக்கும் ஒரே முறை. மறுபடியும் எழுந்தேன்.