கண்ணாடியில் மறுபடியும் காகிதம்

சாந்தோம்,
1945 அக்டோபர், ஞாயிறு பூசை முடிந்து

சேசு மரி சூசை துணை.

அன்பு மகன் காஸ்பருக்கு அம்மா ஆலிஸ் ஆயிரம் முத்தங்களோடு எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையில் நானும் அப்பாவும் உன் தங்கை ஃப்ளோராவும் சுகமாக இருக்கிறோம், சிங்கப்பூரில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்றே நம்புகிறேன். பட்டாளத்திலிருந்து எப்போது விடுவிப்பார்கள் என்று நீ எழுதவே இல்லையே, அப்பா தினமும் தபால்காரரை வழிமறித்து அவர் உயிரை எடுக்கிறார்.

இங்கே நடந்த கூத்தைக் கேள். சண்டை முடிந்தது என்று ரேடியோவில் சொன்ன அன்றைக்கே அப்பா சவரக்கத்தியை எடுத்துக்கொண்டு, குண்டு விழுந்தால் சிதறாமலிருக்க முன்னறைக் கண்ணாடி ஜன்னலில் ஒட்டியிருந்த காகிதப் பட்டைகளையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டார். அதோடு விட்டாரா, நீ வரும்போது வீடு பளிச்சென்று இருக்க வேண்டுமாம், தினமும் துடைப்பு வேறு. தோட்டத்துப் பூவரச மரம் அப்படியே அதில் தெரியும். மழைக்காற்று திரும்பியதும் ஆறுமணிக் குருவிகள் வந்து மோத ஆரம்பித்தன. பச்சை முதுகும் குட்டை வாலுமாக இருக்குமே, அதுதான். பனிக்காலத்துக்கு வடக்கே மலையடிவாரத்திலிருந்து வருகிறதாம். கண்ணாடியில் தெரிவதை நிஜ மரம் என்று நம்பிப் பாய்கிறது, காலையில் பார்த்தால் ஜன்னலடியில் செத்துக் கிடக்கிறது. அவ்வளவு தூரம் பறந்து வந்த ஜீவன் நம் வாசலுக்கு வந்தா சாக வேண்டும்? பட்டையை மறுபடி ஒட்டுங்கள் என்றேன். பிள்ளை வருகிற நேரத்தில் வீட்டைச் சண்டைக்கால வீடாக்கச் சொல்கிறாயா என்று எரிந்து விழுந்தார். நானும் விடவில்லை, காபியை டக்கென்று வைத்துவிட்டுப் போனேன்.

வியாழக்கிழமை அவர் ஈசிசேரில் பேப்பர் படிக்கும்போதே கண்ணெதிரே ஒன்று மோதி விழுந்தது. உயிர் இருந்தது. மனுஷர் பதறி ஓடி அதைத் தன் தொப்பிக்குள் வைத்து, பூனை வராமல் மத்தியானம் வரை காவல் உட்கார்ந்தார். அது தெளிந்து பறந்த பிறகு நேரே அடுப்படிக்கு வந்து ரேஷன் மாவில் பசை காய்ச்சினார். குறுக்கும் நெடுக்குமாக, முன்னைவிட நெருக்கமாக ஒட்டித் தீர்த்துவிட்டார்.

வினை அங்கேதான். மறுநாள் மீன் கொண்டுவந்த நொச்சிக்குப்பம் தேசம்மா ஜன்னலைப் பார்த்ததும் கூடையைத் தடாலென்று இறக்கி, இன்னா வாத்தியாரே, மறுபடியும் சண்டையா, எம் புள்ள இப்பத்தானே வூட்டுக்கு வந்துகீறான் என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அந்தச் சத்தத்தில் எதிர்வீட்டு டோரதி டீச்சர் சண்டைக்காலத்தில் விளக்கை மறைத்த கறுப்புத் துணியைத் தேடி எடுத்துவிட்டார். குருவிக்கு அம்மா, குருவிக்கு என்று வீடு வீடாகச் சொல்லி முடிப்பதற்குள் அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. தேசம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்து, அப்போ நல்லா ஒட்டு வாத்தியாரே, அந்த மூலைல சந்து கீது என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அந்தச் சந்தையும் அடைத்தாயிற்று, பிறகு ஒன்றும் மோதவில்லை.

வீடு இப்போது லட்சணமாக இல்லை, வந்து பார்த்து அப்பாவைக் கேலி செய்யாதே. வாரம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளி, ஜெபமாலையை விடாதே. அந்தியில் பூவரசில் ஒரு குருவி கூப்பிடுகிறது, ஒன்று பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது என்று சிலுவை போட்டுக்கொள்கிறேன். தேசம்மா வீட்டுக்கு அவள் பிள்ளை வந்துவிட்டான், என் பிள்ளைதான் இன்னும் வரவில்லை. கப்பல் என்றைக்கு என்று தெரிந்ததும் எழுது. வழியில் எதிலும் மோதவிடாமல் மாதா உன்னை என் கையில் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வாசலையே பார்த்திருக்கும்
உன் அம்மா,
ஆலிஸ்